எண்ணெயும் நீரும் சேர்ந்த லென்ஸில் நிறம் ஏன் பிரிகிறது?

திரவ லென்ஸ் என்றால் ஒரு சின்ன டப்பாவுக்குள் கொஞ்சம் உப்புநீர், கொஞ்சம் எண்ணெய். இரண்டும் ஒட்டாமல் சந்திக்கும் எல்லைதான் லென்ஸின் வளைவு. மின்னழுத்தத்தை மாற்றினால் நீர் சுவரைத் தொடும் கோணம் மாறும், எல்லை வளையும், ஃபோகஸ் நகரும். மோட்டாரே தேவையில்லை. மின்சாரம் திரவத்தின் பரப்பு இழுவிசையை மாற்றும் என்பதை 1875-இல் இயற்பியலாளர் லிப்மன் பாதரசத்தில் காட்டிவிட்டார். நீருக்கும் மின்முனைக்கும் நடுவே மெல்லிய மின்காப்புப் படலம் வைத்து அதை லென்ஸ் வரை கொண்டுவந்தவர் பிரான்சின் புரூனோ பெர்ஜ்.

சரி, நிறம் எங்கே கெடுகிறது? நீரின் ஒளிவிலகல் எண், அதாவது ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதன் அளவு, 1.333. நீலத்துக்கும் சிவப்புக்கும் இடையே அது 0.006 மாறும். எண்ணெய்க்கு 1.50, மாற்றம் 0.016 என்று வைத்துக்கொள்வோம். எல்லையில் ஒளியை வளைப்பது இரண்டு எண்களின் வித்தியாசம்: 0.167. அது நிறத்துக்கு நிறம் 0.010 மாறுகிறது, அதாவது 6 சதவீதம். சாதாரண கிரவுன் கண்ணாடியில் இது சுமார் 1.6 சதவீதம்தான்! கறுப்பு எழுத்தின் ஓரத்தில் ஊதா நிறம் கசிவது இதனால்தான்.

கண்ணாடி லென்ஸ் ஒன்றைச் சேர்த்துச் சரிசெய்யலாமே என்று தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கண்ணாடி செய்யும் திருத்தம் மாறாது, திரவத்தின் பிழையோ வளைவோடு சேர்ந்து வளரும். லென்ஸின் பவர் 0 முதல் 20 டயாப்டர் (பவரை அளக்கும் அலகு) வரை போனால், 20-இல் பிழை 1.2 டயாப்டர். கண்ணாடியை நடுப்புள்ளிக்குப் பொருத்தினால் இரு முனைகளிலும் தலா 0.6 மிஞ்சும். வடிவமைப்பாளர்கள் கிட்ட, நடு, தூரம் என மூன்று நிலைகளையும் மென்பொருளில் ஒன்றாக ஏற்றி, கண்ணாடி வளைவுகளைத் தேடுவது இந்தச் சமரசத்துக்குத்தான்.

அந்த 6 சதவீதத்தையே குறைக்க வேண்டுமென்றால் எண்ணெயைத்தான் மாற்ற வேண்டும். நிறத்துக்கு நிறம் நீரைப் போலவே 0.006 மாறும் எண்ணெய் கிடைத்தால் எல்லையில் நிறப்பிழையே இராது. ஆனால் அப்படிப்பட்ட எண்ணெய்களின் விலகல் எண் பொதுவாக நீரை நெருங்கிவிடும். அப்புறம் அதே ஃபோகஸுக்கு எல்லை இன்னும் செங்குத்தாக வளைய வேண்டும். அடர்த்தியும் நீரோடு ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் கேமராவைச் சாய்த்ததும் எல்லை கோணிவிடும். இன்னொரு வழி, நிறத்தை வேறு அளவில் பிரிக்கும் திரவங்களும் தனி மின்னழுத்தமும் கொண்ட இரண்டாவது எல்லை. ஒன்றின் பிழையை மற்றது எல்லா ஃபோகஸிலும் ஈடுகட்டும், ஆனால் செலவும் கூடும்.

ஒரே நிற எல்இடி வெளிச்சத்தில் பார்கோடு படிக்கும் கருவிக்கு மட்டும் இந்தத் தலைவலி கிடையாது.