நெஞ்செரிச்சல் மாத்திரை: அடங்கிய அமிலம் செய்யாமல் விடும் வேலைகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் ‘கேஸ்திரிக்’ என்பது வயிற்றெரிச்சல் என்ற ஒரு நோயின் பெயர் மட்டுமன்று. விடியுமுன் பாலில்லாத ஒரு கோப்பி ஓவை மட்டும் குடித்துவிட்டுச் செம்பனைக் காட்டுக்குள் இறங்கி, வெயில் ஏறிய பிறகே முதல் கவளத்தை வாயில் வைக்கும் ஒரு வாழ்க்கைமுறையின் பெயரும் அதுவே. வயிற்று அமிலம் சுரப்பதைக் குறைக்க அரசாங்கக் கிளினிக்கில் வாங்கிய ஒமெப்ரசோல் 20 மில்லிகிராம் கேப்சூல், இரத்த அழுத்த மாத்திரைக்கும் கென்சிங் மானிஸ் எனப்படும் நீரிழிவு மாத்திரைக்கும் நடுவில், பல வீட்டு மருந்துப் பைகளில் ஆண்டுக்கணக்காகக் குடியிருக்கிறது. அதைத் தின்றால் சிறுநீரகம் போய்விடும் என்ற பேச்சும் கூடவே குடியிருக்கிறது. இந்த அச்சம் முற்றிலும் பொய்யன்று. ஆனால் அஞ்ச வேண்டிய இடங்கள் பெரும்பாலும் வேறு.

1988இல் சுவீடனிலிருந்து விற்பனைக்கு வந்த இம்மருந்து, வயிற்றில் ஏற்கெனவே சுரந்து நிற்கும் அமிலத்தைத் தொடுவதில்லை. நேராக வயிற்றுக்குள் கரைந்தால் அமிலமே அதைச் சிதைத்துவிடும் என்பதால்தான் கேப்சூலுக்குள் இருக்கும் குருணைகளுக்கு உறை பூசியிருக்கிறார்கள். அவற்றை நசுக்கியோ மென்றோ விழுங்கினால் மருந்து வீண். உறை சிறுகுடலில் கரைய, மருந்து இரத்தத்தில் கலந்து, அமிலம் சுரக்கும் செல்களை வந்தடைகிறது. அங்கே அமிலத்தை உண்டாக்கும் புரோட்டான் என்னும் நுண்துகள்களை வெளியே தள்ளும் நுண்ணிய பம்புகள் உள்ளன. உணவு வரும்போதுதான் அவை விழித்தெழுந்து செல்லின் விளிம்புக்கு வருகின்றன. விழித்த பம்பு உண்டாக்கும் அமிலமே மருந்தைத் தூண்டிவிட, மருந்து அந்தப் பம்பை நிரந்தரமாகப் பூட்டுகிறது. உறங்கும் பம்புகள் தப்பிவிடும். ஆகவே காலை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு கேப்சூலை விழுங்க வேண்டும். உணவு முடித்து, தே தாரிக் குடித்துக்கொண்டே விழுங்குபவர் மருந்து ‘வேலை செய்யவில்லை’ என்று இரட்டை அளவு கேட்பதற்கு இதுவே பாதிக் காரணமாக இருக்கலாம். இரத்தத்தில் மருந்து ஒரு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிட்டாலும், செல் புதிய பம்புகளைச் செய்து முடிக்கும்வரை அடைப்பு நீடிக்கும்.

தலைவலி, குமட்டல், வயிற்றுப்போக்கு அல்லது மலச்சிக்கல் ஆகியவை சிலருக்கு வரும். பெரும்பாலும் தாமாகவே அடங்கும். கவனிக்க வேண்டியவை, அமிலம் செய்துவந்த வேலைகள் நின்றுபோவதால் வருபவை.

அமிலத்தின் முதல் வேலை காவல். உணவோடு வரும் கிருமிகளில் பெரும்பங்கு வயிற்றிலேயே மடிகிறது. 2019இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், இதய நோயுள்ள 17,598 பேருக்கு ஏறத்தாழ மூன்றாண்டுகள் இதே வகை மருந்தான பாந்தோப்ரசோலோ மருந்தில்லாத வெற்று மாத்திரையோ கொடுத்துப் பார்த்தபோது, குடல் தொற்று மட்டுமே தெளிவாகக் கூடியிருந்தது: 1 விழுக்காட்டிலிருந்து 1.4 விழுக்காடாக. எலும்பு முறிவும் நாள்பட்ட சிறுநீரக நோயும் மறதி நோயும் கூடியதாக அதில் உறுதிப்படவில்லை. இவற்றை மருந்தோடு முடிச்சுப்போட்ட முந்தைய ஆய்வுகள் பல, ஏற்கெனவே நோயாளிகளாக இருந்தவர்களைத் தொலைவிலிருந்து கணக்கெடுத்தவை. இருந்தாலும், மூன்றாண்டு ஆய்வு இருபதாண்டுப் பழக்கத்துக்குப் பதில் சொல்லிவிடாது. சிறுநீரகத் திசு திடீரென அழற்சி கொள்ளும் அரிய பாதிப்பு உண்மையானதுதான். காய்ச்சல், தோல் தடிப்பு, சிறுநீர் குறைதல் ஆகியவை தென்பட்டால் காத்திருக்கக் கூடாது.

இரண்டாவது வேலை, இறைச்சி, முட்டை, பால் ஆகியவற்றின் புரதத்தோடு ஒட்டியிருக்கும் வைட்டமின் பி12ஐப் பிரித்தெடுப்பது. நம் மக்களுக்கு இதுவே முதன்மையானது என்று நான் கருதுகிறேன். மலேசிய இந்தியர்களிடையே நீரிழிவு மிகுதி. அதற்குக் கொடுக்கப்படும் மெட்ஃபோர்மினும் பி12ஐக் குறைக்கும். இரண்டும் சேர்ந்து, கூடவே மரக்கறி உணவும் என்றால், ஈரலில் உள்ள சேமிப்பு சில ஆண்டுகளில் மெல்லக் கரையும். அப்போது கால் மரத்துப்போகும், பாதம் எரியும். ‘சர்க்கரையால் நரம்பு கெட்டுவிட்டது’ என்று எல்லோரும் ஒப்புக்கொண்டுவிடுவார்கள். ஓர் இரத்தப் பரிசோதனை கண்டுபிடித்திருக்கக்கூடிய குறை அப்படியே மறைந்துகொள்ளும்.

மெக்னீசியக் குறைவும் இப்படித்தான் ஒளிந்துகொள்கிறது. பெரும்பாலும் ஓராண்டுக்கு மேல் மருந்து உண்பவர்களிடம், சிறுநீர் பிரிக்கும் இரத்த அழுத்த மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் எளிதாக, இது வரலாம். அதன் அடையாளம் தசைப்பிடிப்பும் நடுக்கமும் இதயத் துடிப்பின் தடுமாற்றமும். நாள் முழுதும் குலை அறுத்தவருக்குக் கெண்டைக்கால் பிடித்தால் அதற்கு மருந்தை யார் குற்றம் சொல்வார்கள்? 2011இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதுகுறித்து எச்சரித்தபோது, ஆராயப்பட்டவர்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேருக்கு மெக்னீசியம் கொடுத்தும் போதவில்லை, மருந்தையே நிறுத்த வேண்டியிருந்தது என்று குறிப்பிட்டது.

மருந்தை நிறுத்துவதிலும் ஒரு வலை இருக்கிறது. அமிலம் குறைந்ததை உணரும் வயிறு, காஸ்ட்ரின் என்னும் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரந்து, அமிலத்தைத் தூண்டும் செல்களைப் பெருக்கி வைத்திருக்கும். பூட்டு திறந்ததும் அமிலம் முன்னைவிட வேகமாகப் பாயும். வயிற்றுக் கோளாறே இல்லாத 120 பேரை வைத்து 2009இல் வெளியான சோதனையில், எட்டு வாரம் இவ்வகை மருந்து உண்டு நிறுத்தியவர்களில் 44 விழுக்காட்டினருக்கு, பிந்தைய வாரங்களில் எரிச்சல் போன்ற தொல்லைகள் தோன்றின. வெற்று மாத்திரை உண்டவர்களில் 15 விழுக்காட்டினருக்கே தோன்றின. ‘விட்டால் திரும்ப வருகிறது, ஆகவே எனக்கு இது வேண்டும்’ என்ற முடிவு எவ்வளவு இயல்பாகப் பிறக்கிறது பாருங்கள்! அதனால் மருத்துவர்கள் பலர் திடீரென நிறுத்தாமல் அளவைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறார்கள்.

இதயக் குழாய்க்குச் சிறுகம்பி வலை வைத்து, இரத்தம் உறையாமலிருக்கக் குளோபிடோகிரெல் உண்பவர்கள் ஒமெப்ரசோலைத் தவிர்ப்பது நல்லது. அந்த மருந்தைச் செயலுக்குக் கொண்டுவரும் ஈரல் நொதியை இது தடுக்கும். பாந்தோப்ரசோலில் அந்தத் தொல்லை குறைவு. மறுபுறம், தோள்வலிக்கும் முதுகுவலிக்கும் நாள்தோறும் வலிநிவாரணி உண்பவருக்கும், முன்பு வயிற்றில் இரத்தம் கசிந்தவருக்கும் இம்மருந்தே பாதுகாப்பு. மேற்சொன்னவற்றைப் படித்துவிட்டு அவர்கள் தாமாக நிறுத்திவிடக் கூடாது.

நாள்பட்ட ‘கேஸ்திரிக்’கின் வேர் பல நேரம் ஹெலிகோபேக்டர் பைலோரி என்னும் கிருமி. இந்நாட்டில் மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடம் அது கூடுதலாகக் காணப்படுவதை உள்நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. மூச்சுப் பரிசோதனையில் அதைக் கண்டறியலாம். ஆனால் மருந்தால் கிருமி அடங்கிக் கிடந்தால் பரிசோதனை பொய்யாக ‘இல்லை’ என்று சொல்லிவிடும் என்பதால், மருத்துவரைக் கேட்டு இரண்டு வாரம் முன்னரே நிறுத்தியிருக்க வேண்டும். கிருமி இருப்பது உறுதியானால், அதே மருந்தை எதிருயிரிகளோடு சேர்த்து, நாளுக்கு இருமுறை, பெரும்பாலும் 14 நாளுக்குக் கொடுப்பார்கள்.