தட்டுவது தெரியவில்லை, கீபோர்டு நன்றாகத்தான் இருக்கிறது

தரமணியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த வாசகி ஒருவரின் கேள்வி இது. சர்வரில் ஒரு ஸ்கிரிப்ட் பாஸ்வேர்டு கேட்கும்போதே எரர் காட்டி வெளியேறிவிட்டதாம். அப்புறம் கமாண்டுகளைத் தட்டும் ஜன்னலான டெர்மினலில் என்ன தட்டினாலும் எழுத்தே தெரியவில்லை; ஆனால் கமாண்டைத் தட்டி எண்டர் அடித்தால் பதில் மட்டும் ஒழுங்காக வருகிறது. எப்படி?

தட்டிய எழுத்து நேராகத் திரைக்குப் போகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். போவதில்லை. சிறிய 'ஏ'வைத் தட்டினால் டெர்மினல் 97 என்ற எண்ணை அனுப்பும், அவ்வளவுதான், தானாகத் திரையில் எதையும் வரையாது. அந்த எண் இயங்குதளத்தின் மையமான கர்னலில் உள்ள டிடிஒய் என்ற அடுக்குக்குப் போகிறது. அது 97-ஐ நிரலிடம் கொடுக்க எடுத்து வைத்துக்கொண்டு, அதையே வந்த வழியில் திருப்பியும் அனுப்புகிறது. அது வந்து சேர்ந்த பிறகுதான் எழுத்து தெரியும். வெளிநாட்டு சர்வரில் வேலை செய்யும்போது எழுத்துகள் தயங்கித் தயங்கி வருகின்றனவே, அவை நிஜமாகவே கடல் தாண்டிப் போய்த் திரும்புகின்றன!

இந்தத் திருப்பி அனுப்பும் வேலைக்கு எக்கோ என்று பெயர். நம் கமாண்டை வாங்கி ஓட்டும் பாஷ் போன்ற ஷெல்கள் அதைத் தாங்களே செய்தாலும், டிடிஒய்யில் எக்கோ அணைந்திருந்தால் அவையும் எழுத்தைக் காட்டாது. பாஸ்வேர்டு கேட்கும் நிரல் அதை அணைத்துவிட்டு, திரும்பப் போடாமலே வெளியேறினால் வாசகிக்கு நடந்ததுதான் நடக்கும். கண்ணை மூடிக்கொண்டு 'எஸ்டிடிஒய் சேன்' (stty sane) என்று தட்டி எண்டர் அடித்தால் சரியாகிவிடும்.

சில சமயம் எண்டரும் வேலை செய்யாது, கூரைக்குறியும் (^) 'எம்'மும் திரையில் விழும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. எண்டர் அனுப்புவது 13, யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் வரி முடிவு 10. நடுவில் மாற்றிக் கொடுப்பதும் அதே டிடிஒய்தான். 1963-இல் வந்த டெலிடைப் மாடல் 33 என்ற தட்டச்சு இயந்திரத்தில் அச்சுத்தலையை இடது ஓரத்துக்குக் கொண்டுபோக 13, தாளை ஒரு வரி நகர்த்த 10 என்று இரண்டு தனித்தனி அசைவுகள் இருந்தன; அந்தப் பிரிவினை இன்றைய லேப்டாப் வரை வந்திருக்கிறது. மாற்றும் வேலை நின்றுபோனால் கண்ட்ரோலோடு 'ஜே'வை அழுத்துங்கள். கண்ட்ரோல் எழுத்தின் எண்ணிலிருந்து 64-ஐக் கழித்துவிடும். பெரிய 'ஜே' 74, கழித்தால் 10, யூனிக்ஸ் கேட்கும் அதே வரி முடிவு. பெரிய 'எம்' 77, கழித்தால் 13, அதனால்தான் எண்டர் கூரைக்குறியும் 'எம்'முமாகத் தெரிகிறது. எவ்வளவு அழகான கணக்கு!

நம் கல்லூரி லேபுகளில் இதைச் சொல்லித் தருவதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். கமாண்டுகளை ரெக்கார்டு நோட்டில் எழுத வைக்கிறார்கள், டெர்மினல் கெட்டால் "மூடிட்டுத் திற" என்கிறார்கள். மூடினால் அதில் ஓடிக்கொண்டிருந்த வேலையும் பெரும்பாலும் சேர்ந்தே போய்விடும். எக்கோவை அணைத்துக் காட்டப் பத்து நிமிடம் போதும், மாணவர்களுக்கு ஆயுசுக்கும் மறக்காது.

படிக்கும் எழுத்தாக இல்லாத பைனரி ஃபைலைத் தெரியாமல் டெர்மினலில் திறந்து எழுத்துகளே கோடும் கட்டமுமாக மாறிவிட்டால் கதை வேறு. அங்கே குழம்பியிருப்பது டெர்மினலேதான், அதற்கு 'ரீசெட்' அடிக்க வேண்டும். எது கெட்டது என்று சந்தேகமாக இருந்தால் 'எஸ்டிடிஒய்' போட்டு, இடம் விட்டு, கழித்தல் குறியும் 'ஏ'வும் தட்டிப் பாருங்கள்: எக்கோவுக்கு முன்னால் கழித்தல் குறி இருந்தால் அது அணைந்து கிடக்கிறது.