ஹான்டாவைரஸ் நுரையீரல் நோய்த்தொகை: சொல் விளக்கம்

எலிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் ஹான்டாவைரஸின் பெயரில் உள்ள ‘ஹான்டா’ என்பது ஆற்றுப் பெயரிலிருந்து வந்தது. கொரியப் போரின்போது ஐ.நா. படைவீரர்கள் 3,000 பேருக்கு மேல் ஒருவகை இரத்தக்கசிவுக் காய்ச்சலில் விழுந்தார்கள். காரணம் பிடிபட ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஆனது. 1976இல் கொரிய அறிவியலாளர் லீ ஹோ வாங், வயலெலியின் நுரையீரலில் அந்த வைரஸைக் கண்டறிந்தார். கொரியாவில் ஓடும் ஹான்டான் ஆற்றின் பெயரே அதற்கு நிலைத்தது.

கொரியாவில் அது சிதைத்தது சிறுநீரகத்தை. நுரையீரலைத் தாக்கும் வகை 1993இல் அமெரிக்காவின் தென்மேற்கில் வெளிப்பட்டது. ஊர்ப்பெயரைச் சூட்ட அப்பகுதி மக்கள் எதிர்ப்புத் தெரிவிக்கவே, அறிவியலாளர்கள் அதை ‘சின் நோம்ப்ரே’ என்றார்கள். ஸ்பானிய மொழியில் ‘பெயரில்லாதது’. அம்மக்கள் எதிர்த்தது நியாயமே. ஒரு நோயின் பழியை ஓர் ஊர் ஏன் சுமக்க வேண்டும்?

தமிழில் வைரஸுக்குத் தீநுண்மி, நச்சுயிரி என்ற சொற்கள் உண்டு. சேர்ந்து தோன்றும் அறிகுறிகளின் தொகுதி ‘நோய்த்தொகை’. ஆகவே ‘ஹான்டா தீநுண்மி நுரையீரல் நோய்த்தொகை’ என்பது பொருத்தமானது. நீளமாக இருக்கிறதென்று ‘எலிக்காய்ச்சல்’ என்று சுருக்குவதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். எலிக்காய்ச்சல் என்பது லெப்டோஸ்பைரா என்னும் பாக்டீரியாவால் வருவது. அதற்கு ஆன்டிபயாட்டிக் மருந்து உண்டு. ஹான்டாவுக்கு அப்படி நிரூபிக்கப்பட்ட மருந்து கிடையாது. பெயர் குழம்பினால் நோயாளியின் நேரம் வீணாகும்.

அந்த நேரம்தான் இங்கே உயிர். எலியின் சிறுநீர், எச்சம், எச்சில் காய்ந்து தூசியோடு மூச்சில் புகுந்தபின் ஒன்று முதல் எட்டு வாரங்களில் காய்ச்சலும் அசதியும் தொடங்கும். தொடை, இடுப்பு, முதுகுத் தசைகள் வலிக்கும். வாந்தியும் வரலாம். சளிக்காய்ச்சல் என்றே தோன்றும். அறிகுறிகள் தொடங்கி நான்கு முதல் பத்து நாட்களில் இருமலும் மூச்சுத்திணறலும் சேரும். நுண்ணிய இரத்தக்குழாய்கள் கசிந்து நுரையீரலில் நீர் கோக்கும். மூச்சுத்திணறும் நிலைக்கு வந்தவர்களில் பத்தில் நான்கு பேர்வரை இறக்கிறார்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆக்சிஜன், தேவையானால் வென்டிலேட்டர், இரத்த அழுத்தம் விழாமல் தாங்கும் மருந்து: இவையே சிகிச்சை. நரம்புவழித் திரவத்தை அளந்தே ஏற்ற வேண்டும். மிகுந்தால் நுரையீரலில் மேலும் நீர் சேரும். எலி நடமாடிய இடத்தில் புழங்கியதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

எலி எச்சத்தை உலர்ந்தபடி பெருக்கவே கூடாது. கதவு, சன்னல்களைத் திறந்து அரைமணி நேரம் காற்றோட விடுங்கள். கையுறை அணிந்து, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, ஐந்து நிமிடம் ஊறியபின் காகிதத்தால் துடைத்தெடுங்கள்.