மறதிக்குக் கொலஸ்ட்ரால் மாத்திரையா?

பினாங்கில் அரசாங்க கிளினிக்குக்குப் போய் ஒரு வெள்ளி கட்டி, மருந்துப் பையோடு திரும்பும் நம் பெரியவர்கள் பலரிடம் சிம்வஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை இருக்கும். பட்டர்வொர்த்தில் என் அத்தை அந்தப் பையைக் காட்டிக் கேட்டார்: "மாமாவுக்கு ஞாஞோக், அதான் மறதி நோய், ஆரம்பிச்சிருச்சுப்பா. இந்த மாத்திரை மறதியைக் குணமாக்கும்னு ஒருத்தர் சொல்றார். இதனாலதான் மறதியே வருதுன்னு இன்னொருத்தர் சொல்றார். எதை நம்புறது?"

இரண்டு பேச்சுக்கும் ஒரு வேர் உண்டு.

முதலில் மாத்திரையின் வேலை. கல்லீரல் கொலஸ்ட்ராலைத் தயாரிக்க ஒரு நொதி தேவை. சிம்வஸ்டாட்டின் சேர்ந்த ஸ்டாட்டின் என்னும் மருந்து வகை, அந்த நொதி வேலை செய்யும் இடத்தை அடைத்துக்கொள்கிறது. கொலஸ்ட்ரால் குறைந்துபோன கல்லீரல், இரத்தத்தில் ஓடும் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பை இழுத்துக்கொள்ளத் தொடங்கும். ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ 1970களில் இந்த வகைப் பொருளை முதலில் ஒரு பூஞ்சையில் கண்டுபிடித்தார். நம் ஊர்ச் சீனக் கடைகளில் 'அங்காக்' என்று விற்கும் சிவப்பு அரிசி இருக்கிறதே, அதில் வளரும் பூஞ்சை வகையிலிருந்தும் 1979இல் ஒன்றைப் பிரித்தெடுத்தார். 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லோவாஸ்டாட்டின் அதே மூலக்கூறுதான்.

சரி, மூளைக்கு வருவோம். உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான். உடலின் கொலஸ்ட்ராலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அங்கே இருக்கிறது. நரம்பு இழைகளைச் சுற்றியுள்ள உறைக்கு அது வேண்டும். ஆனால் இரத்தத்தில் உள்ள எல்டிஎல் மூளைக்குள் நுழையாது. இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்பு உண்டு. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. ஆகவே மாத்திரை இரத்தக் கொழுப்பை இறக்கிவிட்டது என்பதற்காக மூளைக்குள்ளும் அதே அளவு இறங்கிவிடாது.

பிறகு ஏன் நம்பிக்கை பிறந்தது? ஸ்டாட்டின் சாப்பிடுபவர்களிடம் மறதி நோய் குறைவாக இருப்பதாக 2000இல் வெளியான ஆய்வுகள் காட்டின. எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர் பொதுவாகவே உடம்பைக் கவனித்துக்கொள்பவர். நினைவு தடுமாறியவருக்கு டாக்டர் புதிதாக ஸ்டாட்டின் எழுதுவதும் குறைவு. உண்மை தெரிய, சீட்டுக் குலுக்கிப்போட்டு மருந்து கொடுத்துப் பார்க்க வேண்டும். அப்படியும் பார்த்தார்கள். மறதி நோய் வகைகளில் ஒன்றான அல்சைமர் வந்துவிட்ட 640 பேரில் ஒரு பாதிக்கு 80 மில்லிகிராம் அட்டோர்வஸ்டாட்டின், மறுபாதிக்கு வெற்று மாத்திரை. 2010இல் வந்த முடிவில் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. மூளையில் சேதம் தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்துத்தான் மறதி வெளியே தெரிகிறது. அதற்குமேல் கொழுப்பைக் குறைத்து என்ன பயன்?

மாத்திரையால் மறதி வரும் என்ற பயத்துக்கும் காரணம் உண்டு. சிலருக்கு நினைவுக் குழப்பம் வருவதாக 2012இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் ஸ்டாட்டின் மருந்துக் குறிப்பில் எச்சரிக்கை சேர்த்தது. அது பெரும்பாலும் லேசானது, மருந்தை நிறுத்தினால் மாறிவிடும். பிரிட்டனில் 20,536 பேரிடம் சிம்வஸ்டாட்டினை ஐந்து ஆண்டுகள் சோதித்தபோது, மருந்து சாப்பிட்டவர், வெற்று மாத்திரை சாப்பிட்டவர் என்ற இரு பிரிவினரின் நினைவாற்றலிலும் வித்தியாசம் இல்லை.

இன்னொரு பக்கம், மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் அடைத்துப் பக்கவாதம் வந்தால் அதனாலும் மறதி வரும். ஸ்டாட்டின் காப்பது அந்தக் குழாய்களை. 2024இல் லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த ஆணையம், நடுவயதில் எல்டிஎல் அதிகமாக இருப்பதை மறதி நோய்க்கான 14 காரணிகளில் ஒன்றாகச் சேர்த்தது.

மாமாவுக்கு இனிப்பு நீரும் இதய நோயும் உண்டு. அதற்காக மாத்திரை தொடரட்டும், டாக்டரிடம் கேட்காமல் நிறுத்தாதீர்கள் என்று அத்தையிடம் சொன்னேன். அப்புறம் அவர் மகனைப் பற்றிக் கேட்டேன். வயது 44. போன வருடம் எல்டிஎல் லிட்டருக்கு 4.6 மில்லிமோல் என்று அதிகமாக இருந்ததாம், திரும்பச் சோதிக்கவே இல்லையாம்.