அரைத்த மாவும் அறியாத ஒழுங்கையும்

ரூன்ஸ்கேப் என்ற இணைய விளையாட்டை விளையாடுகிறவர்களிடையே ஒரு பழைய பகிடி உண்டு: 99இன் பாதி 92. கணக்கில் கோட்டை விட்டவன் சொன்னது போல இருக்கும். ஆனால் கணக்கு சரிதான். அந்த விளையாட்டில் ஒரு திறமையை 99ஆம் படிக்குக் கொண்டுபோக 13,034,431 அனுபவப் புள்ளிகள் வேண்டும். 92ஆம் படியில் கால் வைக்கும்போது சேர்ந்திருப்பது 6,517,253. அத்தனை படி ஏறி, மூச்சு வாங்கி நிமிர்ந்து பார்த்தால் பாதி வழிதான் வந்திருக்கிறோம்.

இந்தக் கணக்கை நான் தேடிப் படிக்கக் காரணம் அக்காவின் மகன். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில், ஒரு சனிக்கிழமை முழுக்க அவன் வேறொரு விளையாட்டில் ஒரே வயலில் நின்று ஓநாய் அடித்துக்கொண்டிருந்தான்.

"என்னடா செய்யிறாய்?"

"நாற்பது ஓநாய் கொல்லோணும் மாமா. அப்பதான் அடுத்த ஊருக்குப் போகலாம்."

"அடுத்த ஊரில என்ன இருக்கு?"

"கரடி. அதிலயும் நாற்பது."

அவனுக்கு வேண்டியது கரடியுமில்லை, ஓநாயுமில்லை, அந்த ஊர். தூரத்தில் ஒரு மலை தெரிகிறது, அதற்குப் பின்னால் என்ன என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். விளையாட்டுக்காரர் இந்த ஓநாய் வேலையைக் கிரைண்ட் என்கிறார்கள். அரைத்த மாவையே அரைப்பது என்று நம்மவர்கள் கணினி வருவதற்கு முன்பே சொல்லிவிட்டார்கள். மாவரைக்காமல் ஊர் சுற்றிப் பார்க்க, காசு கேட்காத இணைய விளையாட்டு ஏதாவது உண்டா என்று அவன் கேட்டான். தேடிக் கொடுக்கப் போன இடத்தில், மாவு ஏன் அரைபடுகிறது என்பதே என்னைப் பிடித்துக்கொண்டது.

முதலில் அந்தப் படிக்கட்டு. ரூன்ஸ்கேப்பில் ஒவ்வொரு படிக்கும் முந்தியதைவிட ஏறத்தாழ 10 வீதம் கூடுதலான புள்ளிகள் வேண்டும். பத்து வீதம் என்றால் சின்னதாகத்தான் தெரியும். ஆனால் இது வட்டிக்கு வட்டி. ஏழு படிக்கு ஒரு தடவை மொத்தம் இரட்டிப்பாகிவிடும். 92க்கும் 99க்கும் இடையில் இருப்பது அந்த ஏழு படிதான்.

ஏன் இப்படிக் கட்டுகிறார்கள்? ஒரு புதிய நிலப்பரப்பை வரைந்து, கதை எழுதி, சோதித்து வெளியிட ஒரு குழுவுக்கு மாதக்கணக்காகும். ஆர்வமுள்ள ஒருவர் அதை ஒரு வார இறுதியில் பார்த்து முடித்துவிடுவார். மிச்ச மாதங்களுக்கு அவர் எங்கே போவது? உருவாக்கும் வேகமும் தீர்க்கும் வேகமும் ஒருபோதும் பொருந்தாது. இடைவெளியை நிரப்ப மிக மலிவான பொருள், செய்ததையே திரும்பச் செய்ய வைப்பது. இலவச விளையாட்டு என்றால் இன்னொரு முடிச்சும் சேரும். பலர் காசே கொடுக்காமல் விளையாடும் இடத்தில், கொடுக்கிற சிலருக்கு எதையாவது விற்றாக வேண்டும். புள்ளிகளை இரு மடங்கு வேகத்தில் சேர்த்துத் தரும் பூஸ்டரை ஒரு கடை விற்கிறது என்றால், அந்த விளையாட்டின் மெதுவான வேகம் தற்செயலாக வந்ததல்ல. விற்பனைக்கு இருப்பதே அதுதான். புதிதாக ஒரு விளையாட்டை எடுத்தால் நான் இப்போது முதலில் திறந்து பார்ப்பது கடையைத்தான். உடையும் தொப்பியும் விற்றால் பரவாயில்லை. நேரத்தை விற்றால் மூடிவிடுவேன்.

படிக்கட்டு செய்யும் இன்னொரு கெடுதல் வெளியே தெரியாது. படி ஏற ஏற அடியின் பலமும் ஏறுவதால், நம்மைவிட முப்பது படி மேலே உள்ள மிருகம் ஒரே அடியில் நம்மைக் கொல்லும். முப்பது படி கீழே உள்ளதை நாம் ஒரே அடியில் கொல்வோம். வரைபடம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், எந்த நேரத்திலும் நமக்கு உயிருள்ளதாக இருப்பது ஒரு மெல்லிய வளையம் மட்டுமே. புறக்கோட்டைக்கு வருகிறீர்கள் என்று வையுங்கள். முதலாம் குறுக்குத் தெருவில் நாற்பது சாமான் வாங்கினால்தான் இரண்டாம் குறுக்குத் தெரு திறக்கும். அதன் பிறகுதான் சிவப்புப் பள்ளிவாசலைக் கண்ணால் காணலாம். செட்டியார் தெருவுக்குப் போனபின் முதலாம் தெருவில் யாரும் உங்களோடு பேசமாட்டார்கள். ஊர் முழுக்க இருக்கிறது, ஆனால் சுற்ற முடியாது.

சரி, அப்படியானால் ஏன் ஒருவன் சனிக்கிழமை முழுக்க ஓநாய் அடிக்கிறான்? 1990களில் நரம்பியல் ஆய்வாளர் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களை அளந்தார். எதிர்பாராமல் பழரசம் கிடைத்தால் அந்த அணுக்கள் துடிக்கும். ஒரு விளக்கு எரிந்த பிறகு பழரசம் வரும் என்று குரங்கு பழகிவிட்டால், துடிப்பு விளக்குக்கு மாறிவிடும். பழரசம் வரும்போது ஒன்றும் நடக்காது. விளக்கு எரிந்தும் வராவிட்டால் துடிப்பு வழமையைவிடக் கீழே இறங்கும். பரிசுக்கும் எதிர்பார்ப்புக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைத்தான் அந்த அணுக்கள் சொல்கின்றன. இந்தக் கணக்கில் நாற்பதாவது ஓநாய்க்கு மதிப்பே இல்லை. ஆகவே விளையாட்டை ஆக்குகிறவர்கள் ஓநாயின் வயிற்றுக்குள் லொத்தர் சீட்டை வைக்கிறார்கள்: எப்போதாவது ஒரு தடவை அபூர்வ வாள் விழும். எத்தனையாவது தடவையில் பரிசு என்று தெரியாவிட்டால் புறாவும் எலியும் விடாமல் பொத்தானை அழுத்தும் என்பதை உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் எப்போதோ காட்டிவிட்டார்.

ஊர் சுற்றுவதில் வியப்பு வேறு வழியாக வருகிறது. 1930இல் உளவியலாளர்கள் எட்வர்ட் டோல்மனும் ஹான்சிக்கும் எலிகளை ஒரு சிக்கல் பாதைக்குள் விட்டார்கள். ஒரு கூட்டத்துக்குப் பத்து நாள் உணவே வைக்கவில்லை. அவை சும்மா அலைந்தன. பதினோராம் நாள் உணவு வைத்ததும், அடுத்த நாளே தினமும் உணவு பெற்ற எலிகளுக்கு ஈடாகப் பாதையைக் கடந்தன. சும்மா அலைந்ததாகத் தெரிந்த நாட்களில் அவை மண்டைக்குள் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தன. அந்த வரைபடம் இருக்கும் இடத்தை, ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில் குறித்த இடத்துக்கு மட்டும் துடிக்கும் அணுக்களாக, ஜோன் ஓகீஃப் 1971இல் கண்டார். 2014ஆம் ஆண்டு நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது.

இதில் விளையாட்டுக்கு நேரடியாகத் தேவையான துண்டு ஒன்று உண்டு. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், தொண்டர்கள் மூளை ஸ்கானருக்குள் படுத்தபடி லண்டனின் சோஹோ தெருக்களைத் திரையில் கடந்தார்கள். தாங்களாக வழி தேடியபோது புதிய தெருவில் திரும்பும் ஒவ்வொரு தடவையும் ஹிப்போகாம்பஸ் சுறுசுறுப்பானது. 'இங்கே திரும்பு' என்று கருவி சொன்னபோது அப்படி ஆகவில்லை. விளையாட்டுகளில் தலைக்கு மேல் மிதக்கும் மஞ்சள் அம்பும் அந்தக் கருவியின் வேலையைத்தான் செய்கிறது. எனவே எந்த விளையாட்டானாலும் செட்டிங்ஸுக்குள் போய் அம்பையும் திரை மூலையில் இருக்கும் வரைபடத்தையும் அணைக்க முடியுமா என்று பாருங்கள். அணைத்த பிறகு, மலை, கோபுரம், ஆறு இவற்றை மட்டும் வைத்து வழி கண்டுபிடிக்க முடிந்தால் அந்த உலகத்தை யாரோ மனம் வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

1978இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோய் ட்ரப்ஷோ எழுதத் தொடங்கிய மட், படமில்லாமல் எழுத்தாலேயே ஆன விளையாட்டு. அதை உருவாக்குவதில் பிறகு சேர்ந்தவர் ரிச்சர்ட் பார்ட்டில். 1996இல் அவர் விளையாடுகிறவர்களை நான்கு சீட்டுக் குறிகளாகப் பிரித்தார். ஆராய்கிறவர்களுக்கு அவர் கொடுத்தது ஸ்பேட். ஆங்கிலத்தில் மண்வெட்டிக்கும் அதே சொல். தோண்டுகிறவர்கள். மருமகன் அந்தச் சாதி.

இனிப் படிக்கட்டை யார் எப்படி உடைத்தார்கள் என்று பார்ப்போம். ஒரு வழி, மிருகங்களை நம் படிக்கு ஏற்ப உயர்த்துவது. 2006இல் வந்த ஒப்லிவியன் அப்படிச் செய்து நிறையத் திட்டு வாங்கியது: வழிப்பறிக் கள்வன்கூட விலைமதிப்பற்ற கவசம் போட்டு வந்தான். எல்லா இடமும் ஒரே அளவு ஆபத்து என்றால் ஆபத்துக்கு ஊர் பேர் இல்லாமல் போய்விடும். மற்ற வழி, நம்மை இடத்துக்கு ஏற்ப இறக்குவது. கில்ட் வார்ஸ் 2 இதைச் செய்கிறது. எண்பதாம் படிக்காரர் பத்தாம் படி வயலுக்குள் வந்தால் அவரது பலம் அந்த வயலுக்கு ஏற்பக் குறையும். பழைய இடம் செத்துப்போகாது. புதிய இடத்தைக் கண்டாலே, உயரமான முனையில் ஏறிப் பார்த்தாலே அனுபவப் புள்ளி கிடைக்கும். உச்சப்படி 2012இல் 80 என்று வைத்தார்கள், இன்றும் 80தான். மூல விளையாட்டு 2015 முதல் இலவசம். இலவசக் கணக்குக்குச் சந்தையிலும் அரட்டையிலும் கட்டுப்பாடு உண்டு, நடப்பதற்கு அவ்வளவாக இல்லை. மேலே உள்ள இடங்கள் சின்னப் படிக்காரரை இன்னும் அடிக்கத்தான் செய்யும். ஆனாலும் என் கண்ணுக்கு, இலவசத்தில் ஊர் சுற்றிகளுக்கு மிக நேர்மையான பேரம் இதுதான்.

கென்ஷின் இம்பாக்ட் வேறு மாதிரி. அது ஒரே தோலுக்குள் இரண்டு விளையாட்டு. மலை ஏறு, சிறகு விரித்துக் குதி, புதிர் அவிழ் என்பது ஒன்று. அதற்குக் கட்டணமும் இல்லை, காத்திருப்பும் இல்லை. பாத்திரங்களை வலுப்படுத்துவது மற்றது. அதற்கு ரெசின் என்ற சக்தி வேண்டும். எட்டு நிமிடத்துக்கு ஒன்றுதான் ஊறும். புதிய பாத்திரம் குலுக்கலில் வரும். அதில் அபூர்வமான ஐந்து நட்சத்திரப் பாத்திரம் விழ ஒரு தடவைக்கு 0.6 வீத வாய்ப்பு. கணக்குப் போட்டால் ஐம்பது தடவை இழுத்தாலும் கிடைக்கும் வாய்ப்பு 26 வீதம்தான், தொண்ணூறாவது தடவையில்தான் உறுதி. முதல் விளையாட்டை மட்டும் விளையாடிவிட்டு இரண்டாவதன் பக்கம் திரும்பாமல் இருக்க முடிந்தால் தாராளமாகப் போகலாம். மருமகனின் பதினான்கு வயதில் அது முடியுமா என்பது வேறு கேள்வி. அவனுக்கு நான் அதைப் போட்டுக் கொடுக்கவில்லை.

மிருகங்கள் நடமாடும் நிலம் வேண்டுமென்றால் 2004இல் தொடங்கிய ரைஸம். பருவம் மாறினால் மந்தைகள் இடம் பெயரும், ஊனுண்ணிகள் அவற்றைத் தொடரும். சின்னப் படிக்காரர்கள் கூட்டமாகச் சேர்ந்து, கொடிய மிருகங்கள் எந்தப் பக்கம் திரும்பி நிற்கின்றன என்று பார்த்துப் பார்த்து, சண்டையே போடாமல் தூர தேசம் போவது அங்கே ஒரு வழக்கம். பலம் இல்லாததே பயணத்தைச் சுவையாக்குகிறது. 125ஆம் படி வரை இலவசம்.

முற்றிலும் இலவசம், கடையே இல்லை என்றால் வெலோரென். தன்னார்வலர்கள் ரஸ்ட் என்ற கணினி மொழியில் எழுதும் திறந்த மூலத் திட்டம். இதன் நிலம் உருவாகும் விதத்தைச் சொல்லாமல் விட முடியாது. கணினி தானாக ஆக்கும் நிலங்களில் பெரும்பாலானவை, 1980களில் கென் பெர்லின் கண்டுபிடித்த இரைச்சல் முறையின் பிள்ளைகள். சீரற்ற எண்களை வழுவழுப்பாக இழைத்து மேடு பள்ளம் ஆக்குவது. அழகாக இருக்கும், ஆனால் எங்கே போனாலும் ஒரே குணம். காலிமுகத்திடலில் நின்று அலையைப் பாருங்கள். எந்த இரண்டும் ஒன்றல்ல; ஆனாலும் பத்தாவது அலைக்குப் பிறகு யாரும் புதுமை தேடுவதில்லை. வெலோரென் அதோடு நிற்காமல் அரிப்பையும் கணக்கிடுகிறது: மழை நீர் எந்தப் பக்கம் வழியும், ஆறு எங்கே மண்ணை அறுக்கும், பள்ளத்தாக்கு எங்கே விழும் என்று. நிலத்துக்கு ஒரு வரலாறு வந்துவிடுவதால் அதை வாசிக்கவும் முடிகிறது. ஆற்றோடு மேலே போனால் மலை வரும், கீழே போனால் கடல் வரும். அம்பு தேவையில்லை.

கொழும்பிலிருந்து விளையாடுகிறவருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கில்ட் வார்ஸ் 2இல் நாம் சேரக்கூடிய சேவர்கள், அதாவது விளையாட்டை ஓட்டும் கணினிகள், வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும்தான் இருக்கின்றன. கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீற்றர் ஓடும். ஜெர்மனி இங்கிருந்து நேர்கோட்டில் சுமார் 8,000 கிலோமீற்றர். போய்வர 80 மில்லிசெக்கன். எந்தக் கம்பனியின் எந்த இணையப் பொதியை வாங்கினாலும் அதற்குக் கீழே இறக்க முடியாது. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, நடுவில் பல இடங்களில் தரவு தங்கிப் போகும். ஆகவே உண்மையில் இன்னும் கூடும். நேருக்கு நேர் வாள் சண்டையில் அந்தத் தாமதம் நம்மைக் கொன்றுவிடும். மலை ஏறுகிறவனுக்கு அது தெரியவே தெரியாது.

டேட்டா மட்டுமட்டு என்றால் எழுத்து விளையாட்டுகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அக்கேயா 1997 முதல் ஓடுகிறது. அங்கே அறை என்று சொல்லும் ஒவ்வொரு இடத்தின் வர்ணனையும் அரை கிலோபைட் என்று வைத்தால், ஒரு மெகாபைட்டில் இரண்டாயிரம் அறை பார்த்துவிடலாம். 2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாட்களில் நான் போனில் அதைத்தான் விளையாடினேன். இருட்டில், விசிறி இல்லாமல், வடக்கே போ, கிழக்கே போ என்று தட்டிக்கொண்டு. ஆங்கிலம் மட்டும் கொஞ்சம் கனமாக இருக்கும்.

மருமகனின் மடிக்கணினி பழையது, அதனால் வெலோரெனைக் காட்சித்தரம் குறைத்துப் போட்டுக் கொடுத்தேன். இரவு பத்து மணிக்கு எட்டிப் பார்த்தபோது ஒரு ஆற்றங்கரையில் நின்றான். "மாமா, இது எங்க தொடங்குது எண்டு பாத்திட்டுப் படுக்கிறன்" என்றான். அக்கா உள்ளேயிருந்து நாளைக்குக் காலையில் ரியூசன் என்று சத்தம் போட்டாள். அவன் அரிக்கன் லாம்பை ஏற்றிக்கொண்டு மேலே நடக்கத் தொடங்கியிருந்தான்.