ஸ்டீயரிங் கோணலா நிக்குதா? ஸ்பேனர வைக்க வேண்டிய எடம் மேல இல்ல, கீழ

சித்தப்பாகிட்ட ஒரு பழைய டாடா 407 மினி லாரி இருக்கு, களக்காட்டுல இருந்து வாழைத்தார் ஏத்திக்கிட்டு திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் ஓடுற வண்டி. ஸ்டீயரிங் பாக்ஸயும் முன் சக்கரத்தயும் சேக்குற கம்பிக்குப் பேரு டிராக் லிங்க், அது முனையில இருக்க குண்டு மூட்டு, அதாவது பால் ஜாயின்ட், ஆடுதுன்னு ஒரு பட்டறைல புதுசு போட்டாங்க. அதுல இருந்து வண்டி நேராத்தான் போவுது, ஆனா ஸ்டீயரிங் மட்டும் கடியாரத்துல 12 இருக்க வேண்டிய எடத்துல 1 இருக்க மாதிரி வலப்பக்கம் சாஞ்சே நிக்கு. போட்டவர்கிட்டயே திரும்பப் போனா "அஞ்சு நிமிச வேலை அண்ணாச்சி"ன்னு நடு நட்டக் கழத்தி, ஸ்டீயரிங்க உருவி, அது உக்காருற தண்டுல இருக்க பல்லுல ரெண்டு மூணு பல்லு தள்ளி மாட்டிக் குடுத்துட்டாரு. பாக்க நேராத்தான் இருந்துச்சு. ஆனா அன்னைக்கு சாயங்காலமே சித்தப்பா போன் போட்டு, "ஏல, நேரா போறப்பதாம்ல கையில லொடலொடன்னு ஆடுது, அந்த ஜாயின்ட மாத்துறதுக்கு முன்ன இப்படி இல்லியே"ன்னாரு.

அந்த ஆட்டம் எங்க இருந்து வந்துச்சுன்னு புரிஞ்சா மீதி வேலை தானா புரிஞ்சிரும்.

வண்டி எந்தப் பக்கம் போவணும்னு முடிவு பண்ணுறது தரையில நிக்கிற சக்கரம். நெல்லையப்பர் தேருக்கு என்ன ஸ்டீயரிங்கா இருக்கு, சக்கரத்துக்கு அடியில கட்டையக் குடுத்துத்தான அந்தப் பெரிய தேரத் திருப்புதாங்க. லாரியில அந்த வேலைய கம்பிங்க செய்யுது. ஸ்டீயரிங்ல இருந்து தண்டு இறங்கி ஸ்டீயரிங் பாக்ஸுக்குப் போவுது, பாக்ஸுல இருந்து டிராப் ஆர்ம்ங்கிற கை தொங்குது, அது டிராக் லிங்க முன்னயும் பின்னயும் தள்ளுது, டிராக் லிங்க் டிரைவர் பக்கத்துச் சக்கரத்தத் திருப்புது, அங்க இருந்து டை ராடு எதிர்ப்பக்கச் சக்கரத்தயும் சேத்து இழுத்துக்கிடுது. முன் சக்கரம் திரும்புற கிங் பின் லேசா பின்னால சாஞ்சிருக்கறதால, ஓடுற சக்கரம் தானாவே நேராக்கிக்கிடும், சைக்கிள்ல கைய விட்டு ஓட்டுறோம்ல அதே சங்கதிதான். அதனால டிராக் லிங்க் நீளம் கொஞ்சம் கூடினாலும் கொறஞ்சாலும் சக்கரம் கண்டுக்கிடாது, அது பாட்டுக்கு நேரா போவும், கோணிக்கிறது மேல இருக்க ஸ்டீயரிங்தான். புது ஜாயின்ட சில சுத்து கூட முறுக்கிட்டாங்க, அவ்வளவுதான் நடந்தது.

இப்ப பாக்ஸுக்கு வருவோம். உள்ள புரி போட்ட ஒரு தண்டு, அதுமேல ஓடுற நட்டு, ரெண்டுக்கும் நடுவுல ஸ்டீல் குண்டுங்க உருண்டுக்கிட்டே சுத்தி வரும். நட்டோட பக்கவாட்டுப் பல்லுதான் டிராப் ஆர்ம் தண்டத் திருப்புது. இந்தப் பல்ல வெட்டும்போதே நடு எடத்துல இறுக்கமாவும் ரெண்டு ஓரத்துல கொஞ்சம் தளர்வாவும் இருக்க மாதிரி வெட்டுதாங்க, ஏன்னா வண்டி முக்காவாசி நேரம் நேராத்தான் ஓடும், அங்கதான் ஆட்டம் இருக்கக் கூடாது. ஸ்டீயரிங்க மட்டும் உருவித் தள்ளி மாட்டினா கண்ணுக்கு நேரா தெரியும், உள்ள பாக்ஸு அந்த இறுக்கமான எடத்த விட்டு வெலகியேதான் நிக்கும். சித்தப்பா கையில தெரிஞ்சது அந்தத் தளர்வுதான். இண்டிகேட்டர் தானா அணையுற வண்டின்னா ஒரு பக்கம் சீக்கிரமும் மறுபக்கம் லேட்டாவும் அணையலாம், அதுவும் இந்த வேலையால வர்ற தொல்லைதான்.

ஆனா கோணல் எல்லாத்துக்கும் டிராக் லிங்க் காரணம் இல்ல, அதத் தொடுறதுக்கு முன்ன சிலதப் பாக்கணும். மழைத்தண்ணி ஓடணும்னு ரோட்ட ஓரத்துக்குச் சாய்ச்சுத்தான் போடுதாங்க, அதுக்காக ஸ்டீயரிங் கொஞ்சூண்டு வலப்பக்கம் நின்னா அதக் கோணல்னு எடுத்துக்கிட வேண்டாம். அப்புறம் காத்து. ஆனி ஆடியில ஆரல்வாய்மொழி கணவாய் வழியா மேக்க இருந்து மேல்காத்து அடிக்கும்போது வள்ளியூர் பணகுடி காவல்கிணறு பக்கம் காலி வண்டிய ஓட்டிப் பாத்திருக்கீங்களா, சவம் வண்டியே ஒதுங்கிப் போவும். தெக்க போவும்போது வலப்பக்கமும் திரும்பி வரும்போது இடப்பக்கமும் ஸ்டீயரிங் நின்னா அது காத்து வேலை, ஸ்பேனர எடுக்காதீங்க. மூணாவது, பின்னாடி ஸ்பிரிங் பட்டையில சென்டர் போல்ட் ஒடிஞ்சா அச்சு ஒரு பக்கம் மட்டும் முன்னயோ பின்னயோ நகந்திரும், வண்டி நண்டு மாதிரி சாஞ்சு போவும், அத நேராக்கத்தான் டிரைவர் ஸ்டீயரிங்கத் திருப்பிப் புடிச்சிருப்பாரு. சக்கரத்த நேரா வச்சு, முன் சக்கர நடுவுல இருந்து பின் சக்கர நடு வரைக்கும் ரெண்டு பக்கமும் டேப்பு புடிங்க, ரெண்டும் ஒண்ணா வரணும்.

இதெல்லாம் சரியா இருந்தாத்தான் டிராக் லிங்க். நாங்க மொதல்ல ஸ்டீயரிங்க பழைய பல்லுக்கே கொண்டு வந்தோம், தண்டுல போட்டிருந்த குறி நல்லவேளையா அழியல. குறி இல்லாத வண்டின்னா டிராக் லிங்கக் கழத்திட்டு ஸ்டீயரிங்க ஒரு கோடில இருந்து மறு கோடி வரைக்கும் பைய சுத்தி எண்ணுங்க, அதுல பாதிதான் பாக்ஸோட நடு. லிங்க் மாட்டியிருக்கும்போது எண்ணுனா சக்கரத்துல இருக்க தடுப்பு குறுக்க வந்து கணக்கக் கெடுத்துரும்.

கணக்கு போட்டுப் பாத்தா ஒரு மணி தள்ளி நிக்கிறதுன்னா 30 டிகிரி. பாக்ஸு 20க்கு 1 கொறைக்குதுன்னு வச்சா சக்கரத்துக்கிட்ட வெறும் ஒன்றரை டிகிரிதான். டிராக் லிங்க் புடிச்சுச் சக்கரத்தத் திருப்புற கை, அதாவது ஸ்டீயரிங் ஆர்ம், 200 மில்லிமீட்டர் நீளம்னா டிராக் லிங்க்ல அது 5 மில்லிமீட்டர் சொச்சம். புரி ஒரு சுத்துக்கு 1.5 மில்லிமீட்டர் நகத்தும்னா மூணரை சுத்து. ரெண்டு பக்கமும் எதிரெதிர் புரி இருக்க குழாய்னா ஒரு சுத்துக்கு 3 மில்லிமீட்டர், அப்ப ஒண்ணே முக்கால் சுத்து போதும். ஒவ்வொரு வண்டிக்கும் இந்த நம்பர் மாறும், ஆனா வெளியில பூதமா தெரியுற கோணல் கீழ சுண்டுவிரல் அகலம் கூட இல்ல.

வேலைய சமதளத்துல செய்யணும், பின் சக்கரத்துக்கு முட்டு, கை பிரேக், இன்ஜின் ஆப், ஜாக்கி வேண்டாம், சக்கரம் தரையிலயே இருக்கட்டும். கொஞ்ச தூரம் நேரா உருட்டிட்டு வந்து நிறுத்தினா சக்கரம் நேரா நிக்கும். லிங்க் புரிய இறுக்கிப் புடிக்கிற துரு ஏறுன கிளாம்புக்கு சித்தப்பா முந்தின ராத்திரியே டீசல் ஊத்தி ஊற வச்சிருந்தாரு, அப்படியும் ஒரு போல்ட் எங்க உசிர எடுத்துருச்சு. குழாய் மாடல்னா கிளாம்பத் தளத்திக் குழாயச் சுத்த வேண்டியதுதான், சக்கரம் அசையாது, மேல ஸ்டீயரிங் பைய திரும்பி வரும், ஒரு ஆளு மேல உக்காந்து பாத்துச் சொன்னா போதும். எங்க வண்டியில ஒரு முனையக் கழத்தி, ஸ்டீயரிங்க நடுவுல புடிச்சுக்கிட்டு, பால் ஜாயின்ட் தள்ளாம நெருக்காம தானா குழியில விழுற வரைக்கும் சுத்தினோம். ரெண்டு முனையிலயும் புரி போதுமான அளவு உள்ள இருக்கணும், கிளாம்ப இறுக்கணும், நட்டுக்கு புது ஸ்பிளிட் பின் போடணும், இதுல கஞ்சத்தனம் பண்ணுதவன் வண்டியில நான் ஏற மாட்டேன்.

டை ராடத் தொட்டுராதீங்க, அதத் தொட்டா டோ, அதாவது முன் சக்கரம் ரெண்டும் ஒண்ண ஒண்ணு பாத்து நிக்கிற சாய்வு, மாறி டயரு தேஞ்சுரும். முன்னாடி ஒத்த அச்சு இல்லாம ரெண்டு சக்கரமும் தனித்தனியா ஆடுற பிக்கப்புல, பாக்ஸுக்குப் பதிலா பல்லு வெட்டின கம்பி இருக்க ரேக் ஸ்டீயரிங்கா இருந்தா கதை வேற, அங்க ரெண்டு டை ராடுதான் இருக்கும், ஒண்ண நீட்டுற அளவுக்கு இன்னொண்ணச் சுருக்கணும். ஏர்பேக் உள்ள வண்டியில ஸ்டீயரிங்க வீட்டுல உருவவே கூடாது.

முடிச்சுட்டு ரெண்டு பக்கமும் முழுசா திருப்பி, லிங்க் எங்கயும் உரசலன்னு பாத்துட்டு, நாங்குநேரி வரைக்கும் காலியா ஒரு ஓட்டம் போனோம். 12 மணிக்கு ஒரு நூல் இடப்பக்கம் நின்னுச்சு. திரும்பி வந்து அரைச் சுத்து குடுத்தோம், சரியாப் போச்சு, லொடலொடப்பும் போயிருச்சு.