வலிக்காத கழுத்துக் கட்டியை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருக்கலாம்?

“வலியே இல்லீங்க டாக்டர், அதனாலதான் அப்படியே உட்டுட்டேன்.” சேலத்தில் காது மூக்கு தொண்டை மருத்துவம் பார்த்துவரும் எனக்கு மிகவும் பழகிப்போன பேச்சு இது. கடைசியாக அப்படிச் சொன்னவர், கொலுசுப் பட்டறையில் வேலை செய்யும் ஐம்பது வயதுக்காரர். தாடைக்குக் கீழே எலுமிச்சங்காய் அளவில் நான்கு மாதமாக இருந்த கட்டியைச் சட்டைக் காலரால் மறைத்துக்கொண்டு வந்திருந்தார். பல்வலி என்றால் மறுநாளே விடுப்பு எடுத்து ஓடிவரும் நாம், வலிக்காத கட்டியோடு மாதக்கணக்கில் பழகிவிடுகிறோம்.

நம் பக்கத்தில் ‘நெறி கட்டியிருக்கிறது’ என்று சொல்வது நிணநீர்க் கணுக்களின் வீக்கத்தைத்தான். தொண்டைப் புண், சொத்தைப் பல், குழந்தைகளுக்குத் தலையில் பேனால் வந்த புண் என எது வந்தாலும் அருகிலுள்ள கணு வீங்கும். தொட்டால் வலிக்கும், மென்மையாக இருக்கும், காரணம் சரியானதும் இரண்டு மூன்று வாரத்தில் வற்றத் தொடங்கும். மெலிந்த குழந்தைகளின் கழுத்தில் பட்டாணி அளவில் நழுவி ஓடும் சிறு கணுக்கள் நீண்ட நாள் தங்கினாலும், அவை வளராதவரை அச்சம் வேண்டியதில்லை. ஆனால் மூன்று வாரம் கடந்தும் குறையாத வீக்கம், தொட்டால் கல்போல இருப்பது, நகர்த்தினால் நகராதது, நாளுக்கு நாள் பெருப்பது ஆகியவற்றைக் காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும்.

நாற்பது வயதைத் தாண்டியவர், அதிலும் புகையிலை, பாக்கு, பீடி, மது என்று பழக்கம் உள்ளவர், அந்த மூன்று வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம் என்பது என் கருத்து. அவர்களிடம் நான் தவறாமல் கேட்பவை: குரல் மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பாக இருக்கிறதா, சோறு இறங்கச் சிரமமா, வாயில் ஆறாத புண் உண்டா, ஒரு பக்கக் காது மட்டும் வலிக்கிறதா? கடைசிக் கேள்விக்குப் பலரும் வியப்பார்கள். தொண்டைக்கும் காதுக்கும் பொதுவான நரம்புகள் இருப்பதால், அடித்தொண்டையில் உள்ள புற்று, எந்தக் குறையும் இல்லாத காதில் வலியாகத் தெரியலாம். பட்டறைக்காரருக்கும் அப்படித்தான், இரண்டு மாதமாகக் காதுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தார்.

காசநோய் என்றால் இருமல் என்றே பலரும் நினைக்கிறார்கள். கழுத்துக் கணுக்களிலும் அது வரும். பழைய மருத்துவத்தில் கண்டமாலை என்றது பெரும்பாலும் இதைத்தான். மாலை நேரக் காய்ச்சல், இரவில் வியர்வை, எடை குறைதல் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இதைச் சீழ்க்கட்டி என்று எண்ணிக் கீறிவிட்டால் புண் ஆறாமல் மாதக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும். மெல்லிய ஊசியால் சில துளி எடுத்துச் சோதிப்பதே முதல் வழி. ‘ஊசி குத்தினால் கட்டி பரவிவிடும்’ என்ற பயத்தால் தள்ளிப்போட வேண்டியதில்லை. அதற்கு ஆகும் நேரம் சில நிமிடங்களே. காசநோய் உறுதியானால் பொதுவாக ஆறு மாத மாத்திரை, அரசு மருத்துவமனையில் இலவசம். சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்காக 2024 நவம்பர் முதல் மாதம் 1000 ரூபாயும் வழங்கப்படுகிறது.

கழுத்தின் முன்புறக் கட்டி என்றால் கண்ணாடி முன் நின்று ஒரு மிடறு தண்ணீர் விழுங்கிப் பாருங்கள். கட்டியும் சேர்ந்து ஏறி இறங்கினால் அது பெரும்பாலும் தைராய்டு. மழை மண்ணை அரித்துச் செல்லும் மலைப்பகுதிகளில் அயோடின் குறைவாகவே இருக்கும். ஏற்காட்டு மலையில் குடியிருப்பவர்களிடம் வீட்டு உப்பைப் பற்றி நான் விசாரிப்பது அதனால்தான். அயோடின் உப்புப் படிகத்தின் மேற்பரப்பில்தான் இருக்கும். கல்லுப்பைக் கழுவிப் போடுவதும், அடுப்படியில் மூடாமல் வைப்பதும் அதைப் போக்கிவிடும். இதில் நான் அதிகம் காணும் தவறு வேறு: இரத்தப் பரிசோதனையில் ‘தைராய்டு நார்மல்’ என்று வந்ததும் கட்டியை மறந்துவிடுவது. அந்தப் பரிசோதனை சுரப்பி எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும், கட்டி எப்படிப்பட்டது என்பதைக் காட்டாது. தைராய்டுப் புற்று உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அந்த அளவுகள் சரியாகவே இருக்கும். தைராய்டுக் கட்டிகளில் பெரும்பாலானவை சாதுவானவைதான் என்றாலும், அதை அல்ட்ராசவுண்ட் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

சாப்பிடும்போது மட்டும், அதிலும் மாங்காய் ஊறுகாயைக் கண்டதும் தாடைக்கடியில் வீங்கி, பிறகு வடிந்துவிட்டால், உமிழ்நீர்க் குழாயில் கல் இருக்கலாம். இது நிதானமாகப் பார்த்துக்கொள்ளக்கூடியது.

நிதானம் கூடாத ஒன்று உண்டு. கீழ்க்கடைவாய்ப் பல் சொத்தையாகி, தாடைக்கடி முழுவதும் பலகைபோல இறுகி வீங்கி, நாக்கு மேலே தூக்கி, எச்சில் விழுங்க முடியாமல் வழிந்தால், சில மணி நேரத்தில் மூச்சு அடைத்துவிடலாம். மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்தாலும் அப்படியே. மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டு விடியட்டும் என்று இருக்காமல் 108-ஐ அழையுங்கள். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. நோயாளியைப் படுக்க வைக்காமல், நிமிர்ந்து உட்கார வைத்தே அழைத்து வாருங்கள்.